ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு

(கானாடுகாத்தானில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னைக்குக் கவிதை கொண்டுவரவில்லை. பகலெல்லாம் வங்கியில் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தக் கணக்குப் புத்தியோடுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இந்த ஊருக்கு வெளியாட்கள் எதற்கு வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீடு பார்க்க வருகிறார்கள். அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் கட்டி முடிந்தது. அதைச் சுற்றித் தெருத் தெருவாகப் பெரிய வீடுகள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. வழிகாட்டிகள் தூணைத் தட்டிக் காட்டி, “இது பர்மாத் தேக்கு” என்பார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தேக்கு இங்கே வந்த காலத்தில், இதே ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து அந்தப் பக்கம் போன கூலிக்காரர்களைப் பற்றி எந்த வழிகாட்டியும் பேசுவதில்லை. அவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பெகு பக்கமும் மோல்மேன் பக்கமும் ரங்கூனிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாட்டில் பெரும்பகுதிக் காலம் ராணுவத்தின் பிடிதான். கொஞ்ச வருஷம் தேர்தல், பாராளுமன்றம் என்றார்கள். அதையும் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி முடித்துவைத்தார்கள். செய்தி வரும்போதெல்லாம் நம் ஆட்கள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. “இவ்வளவு கொடுமையில் ஏன் இன்னும் அங்கே கிடக்கிறார்கள்? அப்பவே வந்திருக்க வேண்டியதுதானே?”

இந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்க அனுதாபம் மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வராதவன் பயந்தவன், இல்லையென்றால் விவரம் கெட்டவன் என்று அது சொல்கிறது. இந்தத் தீர்ப்பு நமக்குப் புதுசு இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பணம் எப்படி ஓடியது என்று பார்ப்போம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயலாக்க வேண்டும். வெட்ட ஆள் வேண்டும், ஆளுக்கு முன்பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. நடுவில் நகரத்தார் கடைகள் நின்றன. 1930 வாக்கில் நடந்த வங்கி விசாரணையின்போது பர்மாவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று ஊரில் கிளை திறந்தார்கள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். காரைக்குடிக்கும் ரங்கூனுக்கும் இருந்த தூரம் அப்போது அவ்வளவுதான். பணம் உள்ளவனுக்குக் கடல் ஒரு வாய்க்கால்.

1930க்குப் பிறகு உலகம் பூரா மந்தம். அரிசி விலை பாதாளத்துக்குப் போனது. பர்மிய விவசாயி கடன் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் கடைசியில் அது 25 பங்கு ஆனது. பேரேட்டில் இது வெறும் வரவு. ஆனால் நிலம் இழந்த பர்மியன் பேரேட்டைப் பார்க்கவில்லை. வயலில் நின்ற கறுத்த ஆளைப் பார்த்தான். அவனுக்கு முதலாளியும் ‘கலா’, கூலியும் ‘கலா’. இந்தியர்களை இழிவாகச் சொல்ல அங்கே இருக்கிற சொல் அது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் வந்தபோது தெலுங்குக் கூலிகள்தான் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். நூற்றுக்கும் மேலே. 1938இல் மறுபடியும் கலவரம். வட்டி ஒருத்தருக்குப் போனது, வெட்டு இன்னொருத்தர் மேல் விழுந்தது.

அந்தக் கூலிகள் யார்? தஞ்சாவூர், திருச்சி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும் தெலுங்குக் கடற்கரையிலிருந்தும் போனவர்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றுவான். டெக்கில் மாட்டைப் போல அடைத்துக்கொண்டு போவார்கள். அந்த முன்பணம் கழியும்வரை கூலி மேஸ்திரி கைக்குத்தான் போகும். நாற்று, அறுப்பு, அரிசி ஆலை, துறைமுக மூட்டை, ரிக்‌ஷா, கடைசியில் கக்கூஸ். ரங்கூன் நகரத்தின் மலத்தை அள்ளியவர்கள் இந்தியாவிலிருந்து போன நம் சனங்கள்தான்.

அப்படியிருந்தும் ஏன் போனார்கள்? ஏன் தங்கினார்கள்? இதற்குப் பதில் பர்மாவில் இல்லை தோழர்களே. இங்கே, இந்த ஜில்லாவில் இருக்கிறது.

1930 டிசம்பரில் இதே ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளைங்க முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண் சட்டி தவிர வேறு பாத்திரம் வீட்டில் இருக்கக்கூடாது. பெண்கள் மாரை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிரை உடைத்தார்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

1931 ஜூனில் தடை பதினொன்று ஆனது. இந்தத் தடவை எழுதப்பட்டதைக் கவனியுங்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் சல்லிசான விலைக்கு மிராசுதாருக்கே விற்க வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணிவரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா.

இதை ஒரு நாட்டின் அரசியல் சட்டம் மாதிரி படித்துப் பாருங்கள். உடைக்குச் சட்டம், படிப்புக்குச் சட்டம், சொத்துக்குச் சட்டம், கூலிக்குச் சட்டம், மீறினால் தீ. சர்வாதிகாரம் என்றால் என்ன என்று பாடப் புத்தகத்தில் தேடுகிறோம். நே வின் ஆட்சிக்கு வருவதற்கு முப்பது வருஷம் முந்தியே நம் தாத்தா பாட்டிகள் அப்படியொரு ஆட்சியில்தான் இருந்தார்கள். இந்த ஊரில் தேக்குத் தூண் நின்றுகொண்டிருந்தபோதே, சில மைல் தள்ளி ஒருத்தன் செருப்புப் போட்டதற்காக அடிபட்டுக் கிடந்தான்.

இப்போது பர்மா வயலில் நிற்கிற ஒரு சேரிக்காரனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே மேஸ்திரி கொள்ளையடிக்கிறான், பர்மியன் ‘கலா’ என்று ஏசுகிறான். உண்மைதான். ஆனால் அவன் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். பொண்டாட்டி ரவிக்கை போடலாம், பூ வைக்கலாம். செருப்பை யாரும் கழற்றச் சொல்லவில்லை. இதற்காகத் தங்கினான் என்றால் அதை விவரங்கெட்டத்தனம் என்று சொல்ல முடியுமா?

எங்கள் அப்பத்தாவின் அண்ணன் ஒருத்தர் சின்ன வயதில் ரங்கூனுக்குப் போனவர். சண்டை முடிந்து கொஞ்ச காலம் கடுதாசி வந்ததாம், அறுபதுகளில் நின்றுவிட்டது. அப்பத்தா ஒருநாளும் “வந்திருக்கலாமே” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அவென் அங்கனயே இருக்கட்டும்டா. இங்க வந்து எவென் வாசல்ல நிக்கிறது?” என்றுதான் சொல்லும். கூடப்பிறந்தவன் மேல் பாசம் இல்லாத பேச்சு இல்லை அது. ரெண்டு நாட்டையும் எடைபோட்டுச் சொன்ன பேச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பர்மாவைச் சாதியில்லாத சொர்க்கமாக நாம் எழுதிவிடக்கூடாது. சாதியும் கப்பல் ஏறித்தான் போனது. பீ அள்ளுகிற வேலைக்கு எந்தச் சாதியை அனுப்புவது என்பதில் வெள்ளைக்காரனுக்கும் நம்மாளுக்கும் ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் அங்கே சாதிக்குப் பின்னால் நிலமும் போலீசும் நாட்டார் கூட்டமும் இல்லை. ஊர், சேரி என்று பிரித்துக் கட்டிவைக்க அது அவர்கள் ஊர் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் சனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

பௌத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 1954 டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் உலகப் பௌத்த மாநாட்டுக்காக ரங்கூன் போனார். நாம் மதிக்கிற புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் அந்த நாட்டில் பின்னால் பெரும்பான்மை வெறியும் வளர்ந்தது. எந்த மதமும் ராணுவத்தின் கையில் சிக்கினால் துப்பாக்கிக்கு உறையாகிவிடும்.

அடுத்து, போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்ப்போம். வெளியேற்றம் என்பது ஒரே நாளில் நடந்ததில்லை, மூன்று அலையாக நடந்தது. அதில் இரண்டாவது அலை 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் வந்தது. நாலைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டில் நடந்தார்கள். ஆயிரக்கணக்கில், பல பத்தாயிரமாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள், காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள். அந்த ஓட்டத்திலும் வெள்ளையர்க்கு ஒரு பாதை, கறுப்பர்க்கு ஒரு பாதை. செட்டியார் குடும்பங்களும் நடந்தன, செத்தன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நடந்துவந்து சேர்ந்த செட்டியாருக்கு இங்கே ஒரு கதவு இருந்தது. நிலைக்கதவு, தேக்கில் செய்தது. கூலிக்கு என்ன இருந்தது? 1931இல் போட்ட தடை இருந்தது.

மூன்றாவது அலை நே வின் காலம். 1963இல் தொழில்களை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1964இல் கடைகள் வரிசையாக எடுக்கப்பட்டன. அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 2016 நவம்பரில் வங்கி வாசலில் சனம் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு ஐம்பது வருஷம் முந்தியே பர்மாத் தமிழன் அப்படி நின்றிருக்கிறான். பெட்டிக் கடை வைத்திருந்தவன் கையில் திடீரென்று ஒன்றுமில்லை. இந்திய அரசு கப்பல் அனுப்பியது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர் வந்து சேர்ந்தார்கள். உழைத்துச் சேர்த்த காசைக் கொண்டுவர விடவில்லை. துறைமுகத்தில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள்.

ஏறாதவர்கள் ஏன் ஏறவில்லை? என்னால் நாலு காரணம் சொல்ல முடியும். எல்லாமே கணக்கில் வருகிற காரணங்கள்தான்.

ஒன்று, காகிதம். கப்பலேற நீ இந்தியன் என்று காட்ட வேண்டும். டெக் டிக்கெட்டில் போன தாத்தாவின் பேரனிடம் என்ன காகிதம் இருக்கும்? எங்கள் கவுன்டருக்குக் கிராமத்துப் பெரிய மனுசி வந்து நிற்கும். கைரேகை தேய்ந்து போயிருக்கும், கருவி எடுக்காது. ‘நான்தாம்ப்பா நானு’ என்று சொல்லும். நாடுகளுக்கு நடுவே அந்தப் பேச்சு செல்லாது.

இரண்டு, குடும்பம் ஒரே துண்டாக இல்லை. மனைவி பர்மியப் பெண்ணாக இருப்பாள். தகப்பனார் படுக்கையில் கிடப்பார். ஒரு மகன் அங்கேயே குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருப்பான், இன்னொருவன் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டோடு இருப்பான். கப்பல் ஒரு குடும்பத்தை ஏற்றும்போது யாரையாவது கரையில் விட்டுத்தான் ஏற்றும். யாரை விடுவது? அதைத் தீர்மானிக்க முடியாத வீடுகள் எல்லாரும் சேர்ந்து நின்றுவிட்டன.

மூன்று, வயல். கடைக்காரன் முதல் போனபின் அங்கே அவனுக்கு வேலையில்லை. உழுகிறவனுக்கு அடுத்த வெள்ளாமை காத்திருக்கிறது. ராணுவ ஆட்சி நெல்லை அடிமாட்டு விலைக்கு அளக்கச் சொன்னாலும் உழுகிறவன் சோறு தின்பான். நாட்டைவிட்டுப் போகிறவனுக்குக் குறைந்தது ஆறு மாசச் சோறு கையில் இருக்க வேண்டும். புறப்படுவதும் ஒரு சொத்துதான் தோழர்களே. அது இல்லாதவன் புறப்பட முடியாது.

நான்கு, நான் ஏற்கெனவே சொன்னது. போய்ச்சேர இடம் இல்லை. மற்றவர்களுக்கு அது ‘தாய்நாடு’. இவனுக்கு அது சேரி.

வந்தவர்கள் கதையைக் கேட்டால் நின்றவர்கள் ஒன்றும் தப்பாகக் கணக்குப் போடவில்லை என்று தெரியும். முகாம், கொஞ்சம் கடன், மனை, நூற்பாலையில் வேலை என்று அரசு கொடுத்தது. சென்னை பர்மா பஜாரும் பல ஊர்களில் பர்மா காலனிகளும் அப்படி வந்தவைதான். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறது. ரோட்டோரத்தில் அத்தோ விற்றுப் பிழைத்தார்கள். தைரியமான சனம். ஆனால் இன்னொரு கதையும் உண்டு. இங்கே பிழைக்க முடியாத சில குடும்பங்கள் மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று வடகிழக்கு எல்லைவரை போனார்கள். பர்மிய அதிகாரிகள் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசில்லாமல் மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரிலேயே குடிசை போட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். சர்வாதிகாரம் என்று தெரிந்தே ஒரு நாட்டுக்கு நடந்து திரும்பிப் போனார்கள் என்றால், வந்து சேர்ந்த நாடு அவர்களுக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்?

நின்றவர்களுக்கு என்ன ஆனது? தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போயின, பத்திரிகைகள் போயின. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து மொழியைக் காப்பாற்றினார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது 1824. அதற்கு முந்தின வருஷமான 1823ஐக் கோடாகக் கிழித்தார்கள். அதற்கு முன்னாலிருந்தே அங்கே குடியிருந்த இனங்கள்தான் முழுக் குடிமக்கள். மற்றவர்களுக்கு இணைக் குடிமகன், ஏற்கப்பட்ட குடிமகன் என்று இரண்டாம் மூன்றாம் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அட்டை. அரசு பட்டியலிட்ட 135 இனங்களில் தமிழன் இல்லை. மூன்று தலைமுறையாக நாற்று நட்டவன் தன் தாத்தா எப்போது வந்தார் என்று சாட்சி காட்ட வேண்டும். நாலு வர்ணத்துக்கு வெளியே நின்று பழகின நமக்கு இந்த ஏற்பாடு புரியாததா?

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 18இலிருந்து 35 வயதுவரை ஆண்கள், 18இலிருந்து 27 வரை பெண்கள். முழுக் குடிமகன் என்று ஏற்காத நாடு துப்பாக்கி தூக்க மட்டும் பிள்ளையைக் கேட்டால் ஒரு தாய் என்ன செய்வாள்? அதே வருஷம் மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் நிறுத்தி வைத்தார்கள். ஆக, அந்தப் பக்கம் கதவை அவர்கள் சாத்தினார்கள்.

இந்தப் பக்கம்? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயரைச் சொன்னது, முஸ்லிம்களை விலக்கியது. அதில் பர்மா இல்லை, இலங்கையும் இல்லை. ‘இந்துக்களைக் காப்பாற்றும் சட்டம்’ என்று மேடையில் பேசினார்கள். பர்மாவில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற தமிழன் அந்தக் கணக்கில் வரவில்லை. 2024 பிப்ரவரியில் எல்லையில் இருந்த சுதந்திர நடமாட்ட ஏற்பாட்டை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. வேலி போடுவோம் என்றது. வேலி போட்டுக்கொண்டே “ஏன் வரல?” என்றும் கேட்கிறோம்.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். இந்தத் தீர்ப்பு நமக்குப் புதுசு இல்லை என்றேன். 1979இல் தேவகோட்டைப் பக்கம் உஞ்சனையில் புரவி எடுப்புத் திருவிழாவில் உரிமை கேட்டதற்காக நம்மவர்கள் 5 பேரைக் கொன்றார்கள். 2018 மே மாதம் இதே சிவகங்கை மாவட்டத்தில் கச்சநத்தத்தில் இரவில் புகுந்து வெட்டி 3 பேரைக் கொன்றார்கள். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் நகரத்து நண்பர்கள், நல்ல எண்ணத்தோடுதான், கேட்கிறார்கள்: “இவ்வளவு நடந்த பிறகும் ஏன் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்? விட்டுட்டு வந்துடலாமே?”

பாருங்கள், அதே கேள்வி. பதிலும் அதேதான். ரேஷன் கார்டு அங்கே. நூறு நாள் வேலை அட்டை அங்கே. பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அங்கே. வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய கோர்ட்டும் பக்கத்தில்தான். சாட்சி ஊரைவிட்டுப் போனால் வழக்கும் போகும். செத்தவனைப் புதைத்த மண் அங்கே. நகரத்துக்குப் போனால் கிடைப்பது கால்வாய்க் கரைக் குடிசை, நாலு வருஷம் கழித்து அதையும் இடித்து ஊருக்கு வெளியே லாரியில் ஏற்றுவார்கள். நிற்கிறவன் அடிமைப் புத்தியில் நிற்கவில்லை. நின்றுதான் வழக்கை ஜெயித்தார்கள். நின்றவர்கள் இருந்ததால்தான் பல வருஷம் ஓடாமல் நின்ற கண்டதேவித் தேரின் வடத்தை 2024 ஜூனில், போலீஸ் பாதுகாப்போடு என்றாலும், நம்மவர்களும் பிடித்தார்கள்.

அப்படியானால் வெளியேறுவதே தப்பா? இல்லை. வெளியேறுவது பற்றி நம்மில் யாரைவிடவும் தெளிவாக யோசித்தவர் அம்பேத்கர். 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாடு நடந்தது. பர்மாவிலிருந்து நம் சனங்கள் காட்டில் நடந்து செத்துக்கொண்டிருந்த அதே வருஷம். சாதி இந்துக்களின் கிராமத்தைச் சாராத தனிக் குடியிருப்புகள் தீண்டப்படாதோருக்கு வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: ‘ஊரை விட்டுப் போங்கள்’ என்று அவர் வெறுமனே சொல்லவில்லை. அரசுத் தரிசு நிலம் கொடுக்க வேண்டும், அதைச் செய்ய ஒரு ஆணையம் வேண்டும், அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்கள். போக ஒரு இடம், அங்கே உழ நிலம், அதற்கு ஒரு சட்டம். இது மூன்றும் இல்லாமல் ஒரு குடும்பத்தைப் பார்த்து ‘ஏன் போகவில்லை’ என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ‘அவர்கள் ஏன் வரவில்லை’ என்று கேட்காமல் ‘அவர்கள் வர எந்தக் கதவைத் திறந்துவைத்தோம்’ என்று கேட்போம். அதை அரசைப் பார்த்தும் கேட்போம், நம்மைப் பார்த்தும் கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, உங்கள் ஊர்ச் சேரிகளில் பர்மாவுக்குப் போனவர்கள் வீடுகளை விசாரியுங்கள். எந்த வீட்டில் யார் போனார், எந்த வருஷம், கடைசிக் கடுதாசி எப்போது, தகரப் பெட்டியில் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய வீடுகளின் வரலாறு ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது. இது நாம் எழுதினால்தான் உண்டு. அந்த நோட்டு வெறும் ஞாபகத்துக்கு இல்லை. தன் தாத்தா எங்கிருந்து எப்போது வந்தார் என்று அங்கே ஒரு பேரன் காட்ட வேண்டி வந்தால், நீங்கள் எழுதிய ஒரு வரி அவனுக்குத் துப்பாகலாம்.

இரண்டாவது, குடியுரிமை பற்றி நாம் பேசும்போது, அகதி முகாமில் இருக்கிற ஈழத் தமிழரோடு பர்மாத் தமிழரையும், அந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிமையும் சேர்த்தே பேசுவோம். மதம் பார்த்துக் கதவு திறக்கிறவன் நாளைக்குச் சாதி பார்த்தும் திறப்பான். நேற்று அப்படித்தானே திறந்தான்?

வெளியே போகும்போது தேக்குத் தூணைத் தொட்டுப் பாருங்கள், நல்ல மரம்தான். அதைப் பார்த்து முடித்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னால், இந்த ஊர்ச் சேரியில் நாலு வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டுப் போங்கள். வேலையை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

ஜெய்பீம்.